பெரிய சக்கரம்

புதுச் சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்த நல்லம்மாள் முதலில் கேட்டது, "இது பழசைக் காட்டிலும் பெருசுங்களா?" என்பதுதான்.

"ஒண்ணரைப் பங்கு இருக்கும்," என்றான் தீர்த்தகிரி. "குடு புள்ள, சீலையெல்லாம் எண்ணெய் மசையாகுது."

அவள் கொடுக்கவில்லை. நிறைமாத வயிற்றின் மேல் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அரம் போட்டு எடுத்திருந்த பற்களைத் தடவினாள். ராசிபுரத்துப் பஸ் ஷெட்டில் வேலை முடிந்த பிறகு மிச்சப் பொழுதில், இரும்புத் தகட்டை வெட்டி அவனே செய்தது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பல்சக்கரம். இன்ஜின் பக்கத்துச் சின்னப் பல்சக்கரம் சுழன்றால், சங்கிலி வழியாக இதுவும் சுழன்று வண்டியைத் தள்ளும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலேறும் முன் ஷெட்டில் விட்டுப் போன வண்டி அது. கல்யாணமான புதிதில் ஒருநாள், நாமகிரிப்பேட்டை ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் அவளை நிற்க வைத்துவிட்டு, வெகுதூரம் பின்னால் போய் வேகமெடுத்து வந்தான். அவளுக்கு நேராக வந்ததும் முன்சக்கரத்தை உயரத் தூக்கினான். குதிரை பின்னங்கால்களில் நிற்பதுபோல வண்டி எழுந்து, பின்சக்கரத்தில் மட்டும் கொஞ்ச தூரம் ஓடி இறங்கியது. பயந்து கத்துவாள் என்று நினைத்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னொருக்கா செய்ங்க," என்றாள்.

அந்த வேடிக்கை ஊரெல்லாம் பரவி, இந்த ஐப்பசியில் மாரியம்மன் பண்டிகைக்குக் கொட்டகை போட வந்த வித்தைக் காட்சிக் கம்பெனியின் முதலாளி தண்டாயுதபாணி காதுக்கும் எட்டிவிட்டது. வந்து பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தூக்குறது சரி தம்பி. அதுக்கு மைல் தூரம் ஓடி வரணுமா? என் கொட்டகை என்ன சேலம் ரோடா? வளையத்துக்குள்ள ஒரு சுத்து வர்றதுக்குள்ள தூக்கிக் காட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜனங்க முன்னால காட்டு. அப்புறம் நீ என் ஆளு."

அதற்குத்தான் இந்தப் பெரிய பல்சக்கரம். இதை மாட்டினால் வண்டிக்கு இழுவை கூடும். நின்ற இடத்திலிருந்து முறுக்கினாலே முன்சக்கரம் எழும்பும். ஆனால் இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் வண்டி வேகமாக ஓடாது. ஒன்று வேண்டுமென்றால் மற்றதை விட வேண்டும். ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது.

நல்லம்மாளுக்குத் தெரியாது. அவள் ஆட்டையாம்பட்டியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். ஆறு வயதிலிருந்து ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றியவள். ராட்டையில் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றினால், கயிற்றின் மறுமுனையில், நூல் ஏறும் மெல்லிய கம்பியான கதிர் கிறுகிறுவென்று பறக்கும். சக்கரம் எவ்வளவு பெரியதோ கதிருக்கு அவ்வளவு வேகம். அவள் அறிந்த கணக்கு அதுதான்.

புதன்கிழமை காலையில் அவள் சேலத்துக்குப் போக வேண்டியது. மூத்த பிள்ளை பிறக்கும்போதே போய்விட்டது. இந்தத் தடவை, சேலத்து டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தை தலை திரும்பிக் கிடப்பதாகவும், வலி வருவதற்கு முன்பே பக்கத்தில் வந்து தங்கிவிட வேண்டும் என்றும் கண்டித்துச் சொல்லியிருந்தார். அங்கே குகை என்ற பேட்டையில் சித்தி வீடு இருந்தது. அவளுடைய அம்மா பெருமாயி மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை பாத்துப்போட்டு சனிக்கிழமை போறனே அம்மா," என்றாள் நல்லம்மாள்.

"அடிப்போடி. குதிரைக் கூத்துப் பாக்குற நேரமா இது? நடுவுல வலி கண்டுச்சுன்னா?"

"கண்டாத்தான் என்ன? முன்னையே பஸ்ஸை முந்துவாரு. இப்பப் பெரிய சக்கரம் வேற போட்டிருக்காரு. ஒரே மூச்சுல போயி டாக்டரம்மாளக் காரோட கூட்டியாந்துருவாரு." பிறகு புருஷனைப் பார்த்தாள். "ஏனுங்க, முடியாதுங்களா?"

தீர்த்தகிரி வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, நீளம் பற்றாத சங்கிலிக்குக் கண்ணி சேர்த்துக்கொண்டிருந்தான். அவள் தப்பாக நினைத்திருக்கிறாள் என்பது அவனுக்கு உடனே புரிந்தது. சொல்ல வாயெடுத்தான். சொன்னால் பெருமாயி இப்போதே மகளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். வெள்ளிக்கிழமை கொட்டகையில் ஊர் முழுவதும் இருக்கும், இவள் மட்டும் இருக்கமாட்டாள். இரண்டு நாள்தானே என்று தோன்றியது.

"முடியாம என்ன," என்றான், தலையை நிமிர்த்தாமல்.

பெருமாயி மூட்டையைத் திரும்ப உள்ளே எடுத்துப் போனாள். "புருசனும் பொண்டாட்டியும் ஒரே கிறுக்கு. என்னமோ பண்ணுங்க சாமி."

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் கொட்டகை காலியாக இருந்தது. தீர்த்தகிரி வளையத்துக்குள் வண்டியை ஓட்டிப் பார்த்தான். பாதிச் சுற்றுக்குள்ளேயே முன்சக்கரம் தானாக எழுந்தது. தண்டாயுதபாணி கை தட்டினார். இரண்டாவது சுற்றின்போது பக்கத்து வீட்டுப் பொன்னாயி மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"தீர்த்தகிரி, உன்ற ஊட்டுல வலி கண்டிருச்சு. செல்லியம்மாள் வந்து பாத்துப்போட்டு, கால்தான் முதல்ல வருதாம், என்னால ஆகாது, டாக்டரம்மாளக் கூட்டியாங்கன்னு சொல்லிப்போட்டா. நல்லம்மாளை அசைக்கக்கூட முடியல."

செல்லியம்மாள் ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்திய மருத்துவச்சி. அவளே ஆகாது என்றுவிட்டாள்.

பழைய பல்சக்கரம் ஷெட்டில் ஆணியில் தொங்கியது. அதை மாட்டுவதென்றால் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டும், சங்கிலியைக் குறைக்க வேண்டும். அவ்வளவு நேரம் எங்கே இருக்கிறது? அப்படியே கிளம்பினான். கடைவீதி முனையில் சேலம் பஸ் பண்டிகைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு நின்றது. டிரைவர் கருப்பண்ணன் ஆரனை அமுக்கிக்கொண்டிருந்தான். அதில் ஏறிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. இந்த வண்டியில் அவன் எத்தனையோ தடவை அந்தப் பஸ்ஸை முந்தியிருக்கிறான். பழக்கம் கையை முறுக்க வைத்தது. தாண்டிப் போய்விட்டான்.

ஊர் எல்லை கழிந்ததுமே தெரிந்துவிட்டது. இன்ஜின் உச்சத்தில் கத்தியது. ரோடு நகரவில்லை. இருபுறமும் சோளக்காடு சாவகாசமாகப் பின்னால் போயிற்று. இன்னும் முறுக்கினான். சத்தம்தான் கூடியது. எதிரே வந்த மாட்டு வண்டிக்காரன் மாடுகள் மிரளாமல் பிடித்துக்கொண்டு திட்டினான். முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு எந்த மரத்தைத் தாண்டியிருப்பான் என்பது அவனுக்கு மனப்பாடம். இப்போது அந்த மரம் கண்ணுக்கே தெரியவில்லை.

மல்லூருக்கு இந்தப் பக்கம், பின்னால் ஆரன் கேட்டது. பஸ் அவன் பக்கத்தில் வந்தது. கருப்பண்ணன் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"என்ன தீர்த்தகிரி, தேர் இழுத்துக்கிட்டுப் போறியா? சத்தம் மெட்ராசுக்குக் கேக்குது, வண்டி இங்கயே நிக்குது?"

பஸ்ஸுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். தீர்த்தகிரி கையை ஆட்டி நிறுத்தச் சொன்னான். இன்ஜின் இரைச்சலில் அவன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. வேடிக்கைக்காரன் வணக்கம் போடுகிறான் என்று நினைத்து நாலைந்து கைகள் பதிலுக்கு ஆடின. புழுதியைக் கிளப்பிவிட்டுப் பஸ் போய்விட்டது.

அடுத்து வந்த மேட்டில், ஆத்திரம் தாங்காமல் கைப்பிடியை முழுக்க முறுக்கினான். முன்சக்கரம் எழுந்துவிட்டது. எவ்வளவு அழகாக எழுந்தது. எந்தக் கொட்டகையிலும் யாரும் பார்த்திராத உயரத்தில், வெயிலில் கம்பிகள் மின்ன, வெறும் ரோட்டில் அது நின்றது. அவன் உடம்பு முழுவதையும் முன்னால் போட்டு அதைக் கீழே அழுத்தினான். அழுதுகொண்டே அழுத்தினான்.

டாக்டரம்மா வீட்டு வாசலில் தோட்டக்காரர் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"இப்பத்தானுங்க கார் போகுது. ஓமலூர்ப் பக்கம் ஒரு பிரசவம். ராசிபுரத்துப் பஸ் வந்து ஜனங்க இறங்கி நடந்தாங்க பாருங்க, அதுக்கும் பின்னாடிதான் கிளம்புனாங்க."

ஓமலூர் வரைக்கும் துரத்திப் போய், தேடிக் கண்டுபிடித்து, அங்கே பிரசவம் முடிந்து, டாக்டரம்மாவோடு காரில் ஊர் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. டாக்டரம்மா நல்லம்மாளைக் காப்பாற்றிவிட்டார். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. பெண் குழந்தை.

"ஒரு நாழி முன்னால வந்திருந்தா நிலைமை வேற," என்றார் கை கழுவிக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அது இன்னும் கனமாக இருந்தது. கொட்டகைப் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

நல்லம்மாள் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அவளே சமாதானம் சொன்னாள். "எல்லாம் நான் பண்ணுனதுங்க. அம்மா தலையால அடிச்சுக்கிட்டாங்க, புதன்கிழமையே போடின்னு. நான்தான் கூத்துப் பாக்கோணும்னு உக்காந்துக்கிட்டேன். அவரு என்ன பண்ணுவாரு? பெரிய சக்கரம் போட்டு வெச்சிருந்ததுனால அந்த மட்டுக்காச்சும் போனாரு. இல்லாட்டி என்னையும் சேத்துக் குழிக்குள்ள வெச்சிருப்பீங்க."

ஒவ்வொருவரிடமும் இதையே சொன்னாள். பெருமாயி மகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். தீர்த்தகிரி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். தண்டாயுதபாணி ஆளனுப்பினார், கொட்டகை பிரிப்பதற்கு முன் ஒரு தடவையாவது வந்து காட்டட்டும் என்று. அவன் போகவில்லை. பெரிய பல்சக்கரத்தைக் கழற்றி ஷெட்டின் பின்னால் இரும்புக் குப்பையில் போட்டான். பழையதை மாட்டவும் மனம் வரவில்லை. வண்டி சங்கிலியில்லாமல் நின்றது.

கார்த்திகையில் அவள் மறுபடி ராட்டையில் உட்கார்ந்தாள். ஒரு மத்தியானம், பெருமாயி ஆற்றுக்குப் போயிருந்தாள். கண்ணாத்தாள் என்ற உறவுக்காரி வந்து போனாள். அவளிடமும் நல்லம்மாள் அதே கதையைச் சொன்னாள். "நான் பண்ணுனதுங்க" என்ற இடத்தில் குரல் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. பாராயணம் செய்ததுபோல வந்தது. அதைத்தான் தீர்த்தகிரியால் தாங்க முடியவில்லை.

கண்ணாத்தாள் போனதும் ராட்டைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"நல்லம்மா, அது வேற. இது வேற."

"எது வேறங்க?"

"ராட்டையில பெரிய சக்கரத்தை நீ சுத்துற. கதிர் பறக்குது. வண்டியில பெருசை யாரும் சுத்துறதில்ல. கதிர் மாதிரி இருக்குற சின்னதைத்தான் இன்ஜின் சுத்துது. பெருசு அதுக்குப் பின்னால போகுது."

அவளுக்கு விளங்கவில்லை. அவனையே பார்த்தாள். பிறகு ராட்டைப் பிடியிலிருந்து கையை எடுத்து, கதிரை இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்து உருட்டினாள். கயிறு இழுபட்டது. பெரிய சக்கரம் அசைந்ததா இல்லையா என்று தெரியவில்லை. மறுபடி உருட்டினாள். கதிர் பல தடவை சுற்றிய பிறகு, பெரிய சக்கரத்தின் ஒரு ஆரக்கால் மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் புரளுவதுபோல, மேலே வந்தது.

விரல்கள் நின்றன.

"பெருசை மாட்டுனா வண்டி வேகம் குறையுமா?"

"குறையும்."

"புதன்கிழமை நான் கேட்டப்போ, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா நான் பஸ் ஏறியிருப்பனே."

"அதுனாலதான் சொல்லல. நீ பாக்கோணும்னு இருந்துச்சு."

வெளியே யாரோ தறிக்குழியில் மிதிக்கும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. நல்லம்மாள் கதிரைப் பின்பக்கமாக உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நானும்தான் பாக்கோணும்னு இருந்தேன்," என்றாள் கடைசியில். அதோடு முகம் உடைந்தது. பிள்ளை போன நாளிலிருந்து அடைத்துக் கிடந்த அழுகை, இடுப்பை வளைத்துக்கொண்டு வந்தது. அவன் கை நீட்டி அவள் தோளைத் தொட்டான். அவள் அந்தக் கையைத் தள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. அவன் எடுக்கவில்லை.

அழுது ஓய்ந்தபோது, கதிரைப் பின்பக்கமாக உருட்டியதில் சுற்றிய நூல் முழுவதும் அவிழ்ந்து அவள் மடியில் சுருண்டு கிடந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நுனியைத் தேடினாள். சிக்கு விழுந்திருந்தது.

"இந்தப் பக்கத்தைப் புடிங்க," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அவன் பிடித்துக்கொண்டான்.