நத்தை பூட்டிய கார்

1

"இது காரா, இல்ல சர்க்கார் ஆபீசா? மனுக் குடுத்துப்போட்டு நிக்கோணுமா?"

"மாமா, மிதிச்சா மூணு எண்ற வரைக்கும் பொறுக்கோணுமுங்க. நேத்தே சொன்னனுங்கல்ல?"

"மிதிச்சேன். கம்முனு இருந்துது. இன்னும் அழுத்தி மிதிச்சேன். அப்பவும் கம்முனு இருந்துது. செரி, செத்துப்போச்சுன்னு காலை எடுக்கறதுக்குள்ள என்னையக் கொண்டுபோயி வைக்கப்போருக்குள்ள உட்டுருச்சு! மாடு திங்கற போருடா அது!"

"இன்னும் ஒரு வாரம் குடுங்க மாமா. டியூன் பண்ணிப்போடறேன்."

"நாளைக்கு வெள்ளிக்கெழமை! உனக்கு ஒரு வாரம் வேணுமா?"

1977, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. எருத்தேன்பதியில் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டை இது. தானாக வந்து என் காதில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அரை மணி நேரமாக, ஒரே துண்டை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடுத்த வீட்டுக்கு வந்த ஒரு தபால் கார்டை நான் படித்துவிட்டேன்.*

* கார்டு என்பது திறந்த வீடு. எட்டிப்பார்ப்பது ஒரு குற்றமா?

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதிப் பார்த்தவை:

'ரத்தினசாமி மலையைப் பார்த்தான். மலை ரத்தினசாமியை—' (வேண்டாம். மலைக்கு வேறு வேலை இருக்கிறது.)

'அந்தக் காரின் முன்கண்ணாடியில் விடியற்காலைச் சூரியன்—' (கண்ணாடி உடைந்து ஆறு மாதமாகிறது. வண்டி நிற்கும்போது சாக்குதான் தொங்கியது.)

நேராகவே சொல்கிறேன். ரத்தினசாமிக்கு முப்பத்து மூன்று வயது. மெக்கானிக். தாய் தகப்பன் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் அவனுக்கு அக்கா முறை. அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமி தென்னந்தோப்பும் ஒரு பழைய சீமைக் காரும் வைத்திருப்பவர். கார் என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள், பெயர்த் தகடு எப்போதோ உதிர்ந்துவிட்டது. பெட்ரோல் விலை ஏறியபோது, பழைய வேன் ஒன்றின் டீசல் எஞ்சினை அதற்குள் இறக்கினார்கள். அன்றிலிருந்து அது மேட்டைக் கண்டால் முனகும். பாலத்தைக் கண்டாலும் முனகும்.

ரத்தினசாமி இடுக்கியில் அணை கட்டும் வேலையில் இருந்தவன். நடுவில் மூன்று மாதம் மூணாறுக்கு அடுத்த பள்ளிவாசல் என்ற ஊரில், தேயிலைத் தொழிற்சாலையில் ஜெனரேட்டர் பழுதுபார்க்கப் போனான். அங்கே இலை தரம் பிரிக்கும் அறையில் சின்னத்தாய் என்று ஒரு பெண். தினமும் பார்த்தான். மூன்று மாதத்தில் அவளிடம் பேசியது மொத்தம் எட்டு வார்த்தை. அதில் ஐந்து பல்சக்கரத்தைப் பற்றியது. அப்புறம் அணை வேலை முடிந்து ஊருக்கு வந்துவிட்டான். வரும்போது பெண்ணைக் கேட்டு வரவில்லை. ஏலத்தில் போன மண்வாரி எந்திரம் ஒன்றிலிருந்து ஒரு இரும்புச் சாமானை வாங்கிவந்தான்.

அதன் பெயர் டர்போவாம். பார்க்க நத்தை மாதிரி இருந்ததால் ஊரில் அதற்கு நத்தை என்றே பெயர்.

3

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் போகலாம். போனால் ஆறாம் பகுதியில் முழிப்பீர்கள்.)

எஞ்சின் கக்குகிற புகை வீணாய்ப் போகாமல் நத்தையின் ஒரு வாய்க்குள் நுழையும். உள்ளே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அது சுழன்றால் அதே அச்சில் மறுபக்கம் இருக்கும் சக்கரமும் சுழன்று, வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசலும் கூட எரியும், பலம் கூடும். மேட்டைக் கண்டு முனகிய கார் மேட்டைப் பார்த்துச் சீறும். ரத்தினசாமி இதை எனக்கு மதிலுக்கு மேல் ஒரு தேங்காய் மூடியை வைத்து விளக்கினான்.

ஆனால் அது மலையைப் பெயர்க்கிற எந்திரத்துக்குச் செய்த நத்தை. சின்ன எஞ்சினின் புகை அதைச் சுழற்ற நேரம் எடுத்தது. கல்யாண வீட்டு அண்டாவில் ஒரே ஒரு ஆளுக்குக் காப்பி போடுகிற மாதிரி. கொதிக்கும், ஆனால் விருந்தாளி எழுந்து போயிருப்பார். மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். அதற்குப் பிறகு நடப்பதை வைக்கோல்போரைக் கேளுங்கள்.

எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினான். புகைக்குழாயைக் குட்டையாக வெட்டி ஒட்டினான். டீசல் பம்பின் திருகாணியைக் கால் சுற்று திறந்தான், அரைக்கால் சுற்று மூடினான். ஐந்து எண்ணிக்கை நான்காயிற்று, நான்கு மூன்றாயிற்று. அதற்குக் கீழே இறங்கவில்லை.

4

கார்டில் இருந்தது இவ்வளவுதான். மனப்பாடமாகவே சொல்கிறேன்:

'வெள்ளிக்கிழமை மத்தியானம் போடியிலிருந்து என்னைப் பார்க்க வருகிறார்கள். அன்று பன்னிரண்டு மணிச் சங்குக்கு முன்னால் நீங்கள் பெரியவர்களோடு வந்து கேட்டால் அப்பா யோசிப்பார். வராவிட்டால் நான் அவர்களுக்குச் சரி சொல்லிவிடுவேன். ஜெனரேட்டர் நன்றாக ஓடுகிறது. சின்னத்தாய்.'

தபால்காரர் அவசரத்தில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் ரத்தினசாமியிடம் கொடுத்தது புதன்கிழமை சாயங்காலம்.

கார்டு வந்தது திங்கட்கிழமை.

(இந்த வரியை நான்கு முறை அடித்து நான்கு முறை திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.)

என்ன செய்வது? எதிர் வீட்டுச் செல்லாத்தாளிடம் சொன்னேன். ரேஷன் கடையில் இரண்டு பேரிடம் சொன்னேன். ஊரே படித்து முடித்த பிறகுதான் உரியவனுக்குப் போய்ச் சேர்ந்தது. என் பக்கம் ஒரே ஒரு நியாயம் உண்டு. ஒட்டி அனுப்பக் கவர் கிடைக்காமலா அவள் கார்டில் எழுதினாள்? கார்டு என்றால் வழியெல்லாம் படிப்பார்கள், ஊரே தெரிந்துகொண்டு பின்னால் நின்று தள்ளும், இவன் நழுவ முடியாது என்று கணக்குப் போட்டிருக்க மாட்டாளா? அவளை நான் அப்போது பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

5

ஆக, அந்த வியாழக்கிழமைச் சண்டை டியூனிங்கைப் பற்றியது அல்ல. 'இன்னும் ஒரு வாரம்' என்று ரத்தினசாமி கேட்டது காருக்கா, தனக்கா என்று ஆறுச்சாமிக்குத் தெரியவில்லை. பழனாத்தாளுக்குத் தெரிந்தது. முறத்தோடு வெளியே வந்தாள்.

"ஏண்டா, பொண்ணுக் கேக்கப் போறதுக்கு உனக்கு பயம். அதுக்கு அந்த இரும்பு மேல பழியைப் போடறயா?"

"இல்லீங்க்கா, சின்னாறு தாண்டுனா கொண்டை ஊசி வளைவுங்க. மூணு எண்றதுக்குள்ள வண்டி பின்னால உருண்டுரும்..."

"உருண்டா நான் எறங்கிக் கல்லு வெக்கறேன். ஏனுங்க, விடியால நாலரைக்குக் கிளம்பறோம். தேங்காய் பழம் எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"ஏம்புள்ள, இந்தச் சனியனை ஓட்டறது நானு..."

"ஓட்டறது நீங்கதானுங்க. போறோம்னு சொல்றது நானு."

(இந்த இடத்தில் ஒரு எழுத்தாளர் என்ன செய்வார் தெரியுமா? ரத்தினசாமியும் அந்த எஞ்சினும் ஒன்றுதான், இரண்டுக்கும் மிதித்த பிறகு நேரம் வேண்டும் என்று ஒரு பத்தி எழுதுவார். நானும் எழுதினேன், கிழித்துப்போட்டேன். என்னைவிட நன்றாக அதை ஒரு வரியில் சொன்ன ஆள் எட்டாம் பகுதியில் வருகிறாள்.)

6

சின்னாறு செக்போஸ்ட் தாண்டிய முதல் வளைவில் ஆறுச்சாமி மிதித்தார். கார் யோசித்தது. யோசித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தது. ரத்தினசாமி குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். ஆறுச்சாமி காலை எடுக்கவும், நத்தை விசிலடிக்கவும் சரியாக இருந்தது. இரண்டாவது வளைவிலும் அதே கூத்து. இரண்டு வளைவுக்கு அரை மணி நேரம் போய்விட்டது. ரத்தினசாமி மாமாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சங்குக்கு முன்னால் போய்ச் சேர முடியாது என்று தோன்றியது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியும் வந்தது. 'வண்டி ஏறல, நான் என்ன பண்ணட்டும்' என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

பின் சீட்டில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த பழனாத்தாள் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, எங்கப்பன் ஊட்டுச் செவலையை ஞாபகமிருக்குதுங்களா?"

"ரேக்ளாப் பந்தயத்துக்குப் பூட்டுவாரே, அந்த மந்தக் காளையா?"

"அதுக்கும் இதே சீக்குதான். கொடி உளுந்தப்பறம் முடுக்குனா, மத்த வண்டி எல்லை சேந்தப்பறந்தான் கிளம்பும். எங்கப்பன் கொடி உளுகறதுக்கு முந்தியே வாலை முறுக்குவாரு. கயித்தை மட்டும் உடமாட்டாரு. அது உள்ளுக்குள்ளயே கொதிச்சுக்கிட்டு நிக்கும். கொடி உளுந்ததும் கயித்தை உட்டாப் போதும், பறக்கும். அதையத்தான் இதுக்கும் பண்ணோணும்."

ரத்தினசாமி திரும்பிப் பார்த்தான். "அக்கா, பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒண்ணா மிதிக்கச் சொல்றீங்க. பிரேக்குக் கட்டை வெந்துபோயிருமுங்க."

"வேகட்டும். நீ கல்யாணமில்லாம வேகறதுக்கு அது வேகட்டும்."

இளவயதில் ஆறுச்சாமியும் ரேக்ளா ஓட்டியவர். மீசைக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. மூன்றாவது வளைவுக்குப் பத்து முழம் முன்னாலேயே பின் சீட்டிலிருந்து குரல் வந்தது: "வாலு!" வலது கால் ஆக்சிலேட்டரை அழுத்த, இடது கால் பிரேக்கை அழுத்த, கார் கட்டிப்போட்ட காளையாக நடுங்கியபடி வளைவுக்குள் ஊர்ந்தது. நத்தை முனகியது, பிறகு விசிலடித்தது. "கயிறு!" ஆறுச்சாமி பிரேக்கை விட்டார்.

கார் ஏறியது. தாம்பாளத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு பின் கண்ணாடியில் மோதியது.

பிரேக் கருகும் நாற்றம் மூக்கில் ஏற, ரத்தினசாமி அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்த மூன்று எண்ணிக்கையைக் கொல்ல அவன் எட்டு மாதம் பாடுபட்டிருந்தான். அக்கா அதைக் கொல்லவில்லை. வளைவுக்கு முன்னால் நகர்த்தி வைத்துவிட்டாள். அவ்வளவுதான். வாலு, கயிறு, வாலு, கயிறு என்று மறையூர் வந்தது, தேயிலைத் தோட்டங்கள் வந்தன, மூணாறு வந்தது. அதன் பிறகு பள்ளிவாசலுக்கு இறக்கம். நத்தைக்கு அங்கே வேலை இல்லை. அவன் பயத்துக்குத்தான் இனி வேலை.

7

நீங்கள் கேட்பீர்கள்: காரில் நீ இருந்தாயா? இல்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். கார்டை இரண்டு நாள் நான் வைத்திருந்த சமாசாரம் தெரிந்த பிறகு பழனாத்தாள் ஒரு மாதம் என்னோடு பேசவே இல்லை. அப்புறம் அவளே பேசினாள். இப்படி ஒரு கதையைச் சொல்லாமல் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? எலுமிச்சம்பழம் மட்டும் நானாகக் கதையில் சேர்த்தது.

8

சங்கு ஊதப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். சின்னத்தாயின் அப்பா சங்கையா தொழிற்சாலை லயத்து வரிசை வீட்டில், போடிக்காரர்களுக்காகப் போட்ட ஜமுக்காளத்தில் இவர்களை உட்கார வைத்தார். ஆறுச்சாமி தொண்டையைச் செருமினார். சங்கையா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பெரியவுக பொறவு பேசலாம். அந்தத் தம்பி சொல்லட்டும். இம்புட்டு நாளாச் சொல்லாதத இன்னைக்காவது சொல்லுதாகளான்னு பாப்போம்."

எல்லாரும் ரத்தினசாமியைப் பார்த்தார்கள்.

ஒன்று. அவன் தாம்பாளத்தைப் பார்த்தான்.

இரண்டு. தொழிற்சாலை விசிறியின் சத்தம் கேட்டது. பழனாத்தாள் கை பரபரத்தது. இவனுக்கு முறுக்க வால் இல்லையே.

மூன்று. சங்கையா பெருமூச்சு விட்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

உள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, உக்காருங்க. இவுகளுக்குப் புடிக்கக் கொஞ்ச நேரமாவும். புடிச்சுட்டா அப்புறம் நிக்காது."

சத்தியமாக இதை நான் எழுதவில்லை. ஆறுச்சாமி, பழனாத்தாள், சங்கையா, மூன்று பேரும் ஒரு எழுத்து மாறாமல் சொன்னது இது.

சங்கையா உட்கார்ந்தார். ரத்தினசாமி வாயைத் திறந்தான். அதே நொடியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

சங்கு ஒரு நிமிடம் ஊதும். அவன் அந்த ஒரு நிமிடமும் நிறுத்தாமல் பேசினான். என்ன பேசினான்? ஆறுச்சாமி சொல்வது: பெரிய மனிதன் மாதிரி முறையாகப் பெண் கேட்டான். பழனாத்தாள் சொல்வது: பேச்சா அது, முக்கால்வாசி அழுகை. சங்கையா சொல்வது: 'உங்க விசிறி பெல்ட்டு வழுக்குதுங்க, நான் சரி பண்ணித் தர்றேன், எத்தனை வருசமானாலும் கூடவே இருந்து சரி பண்ணித் தர்றேன்.' ரத்தினசாமியிடமே கேட்டேன். மூன்று எண்ணும் வரை என்னைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

நான் மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன், சங்குச் சத்தத்துக்குள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

"..............................................."

9

வைகாசியில் பள்ளிவாசலில் கல்யாணம். என்னையும் அழைத்தார்கள், கார்டில்தான். வேற்றூர்ப் பெண்ணை எடுப்பது என்ன முறை, என்ன வழக்கம் என்று ஊர் கேட்டதற்குப் பழனாத்தாள் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. போடிக்காரர்கள் அதே வருடம் கம்பத்தில் பெண் எடுத்தார்கள். நல்ல மனிதர்கள், அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்களாம். கார் ஆனைக்கரை ஏலக்காய் வியாபாரி ஒருவருக்கு விலைக்குப் போயிற்று. வாங்கிய அன்று பழனாத்தாள் பின் சீட்டில் உட்கார்ந்து அவருக்கு ஒரு பகல் முழுக்கப் பாடம் நடத்தினாள்.

சின்னத்தாய் வேலையை விட மறுத்துவிட்டதால் ரத்தினசாமிதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசல் போனான், தொழிற்சாலைக்கே ஃபிட்டராக. மாதம் ஒரு கடிதம் அவள் கையெழுத்தில் அக்கா வீட்டுக்கு வருகிறது. தபால்காரர் இப்போதும் சில நாள் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஆனால் இப்போதெல்லாம் அவள் கார்டில் எழுதுவதில்லை. இன்லேண்டு லெட்டர். மூன்று பக்கமும் பசை தடவி, ஓரத்தில் சோற்றுப் பருக்கையும் வைத்து அழுத்தி ஒட்டியிருக்கிறாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை.