இதற்கு முன்பு வந்ததில்லை

...ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாராம், அதையே பெரிய தியாகம் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என் வீட்டுக்காரர், பொகவந்தலாவை பஸ் ஹட்டனை விட்டு இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் மூன்று தடவை கேட்டாயிற்று, "டொக்டர் என்னா சொன்னாங்க?" என்று, மூன்று தடவையும் "வீட்டுல போயி சொல்றேன்" என்றேன், உடனே ஒரு தலையாட்டல், எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி. என்ன புரிந்தது இந்த திலக்ஷனுக்கு? கொழும்பில், வெள்ளவத்தைப் புடவைக்கடையில் சேலையை விரித்து விரித்து மடிக்கத் தெரியும், மாதம் ஒரு தடவை தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து, வாங்கி வந்த பிஸ்கட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தூங்கத் தெரியும். வயிற்றில் ஏழு வாரப் பிள்ளை, கீழே கொத்தாகக் கொப்புளம், சிறுநீர் போனால் உயிர் போகிறது, இந்த சீட்டில் உட்கார்ந்திருப்பதே தண்டனை, இவர் கொய்யாக்காய் வாங்கித் தரட்டுமா என்று கேட்கிறார். மிளகாய்த்தூள் போட்டு வாங்கட்டுமா என்று வேறு.

கிளம்பிவிட்டது, நல்லது, சத்தத்தில் இவர் பேச மாட்டார்... ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ், அவளை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது, கதவைக்கூடச் சாத்தாமல் கேட்கிறாள், "புருஷன் எங்க வேல?" என்று, கொழும்பில் என்றேன், "ஆ, அப்ப சரி" என்றாள். அப்ப சரியாம். அவளை அறையலாம் போலவும் இருந்தது, அந்த வார்த்தை இனிக்கவும் செய்தது, பொய் சொல்வானேன், நானும் அதைத்தானே நினைத்துக்கொண்டு போனேன். டொக்டர் சிங்களப் பெண், என்னைவிடச் சின்னவளாக இருப்பாள், பார்த்த உடனே ஹெர்பீஸ், படுக்கையில் ஒட்டுகிற நோய் என்றாள், பரிசோதனைக்கும் எடுத்தாள். ஆறு வருஷம் கட்டுநாயக்காவில் கார்மென்ட்டில் இருந்தவளுக்குச் சிங்களம் தெரியாதா, ஆனாலும் நர்ஸ் ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பிச் சொன்னாள், தோட்டத்துப் பொம்பளை என்றால் அவளுக்கு அவ்வளவுதான். பிள்ளை கலைந்துவிடுமா? நானாகக் கேட்டது அது ஒன்றைத்தான். பெரும்பாலும் அப்படி ஆகாது, மாத்திரையால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, கடைசி மாதங்களில் கவனமாகப் பார்ப்போம், வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் ஆபரேஷன் என்றாள். பெரும்பாலும் என்றால் எவ்வளவு? அதை நான் கேட்கவில்லை.

அப்புறம் டொக்டர் கேட்டாள், இதற்கு முன்பு இப்படி வந்திருக்கிறதா என்று, நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் நான் சிங்களத்திலேயே இல்லை என்றேன், அவள் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, ஏன் கேட்டேன் என்றால் என்று ஆரம்பித்தாள், அது இந்த நர்ஸ் வாயில் இப்படி வந்தது: "பழசா இருந்தா பயம் கம்மிங்க, ஒங்க ஒடம்பு அத எதுத்து நிக்கப் பழகியிருக்கும், அந்தப் பலம் புள்ளைக்கும் போகும், புதுசுன்னாதான் கூடக் கவனிக்கணும். யாருகிட்டேருந்து வந்துச்சின்னு பாத்துச் சொல்ல முடியாது, வருசக் கணக்கா சும்மா கெடந்துட்டும் வெளிய வரும்." பார்த்துச் சொல்ல முடியாதாம். எனக்குத் தெரியும், நான் சொல்வேன்.

கல்யாணமாகி ஐந்தாவது வாரம், இவருக்குக் காய்ச்சல், அடிவயிற்றுக்குக் கீழே கொப்புளம், மாமியார் வீரம்மா பார்த்ததும் பார்க்காததுமாக அக்கி என்று முடிவு கட்டிவிட்டது. அக்கிக்கு மருந்து கொடுக்கக் கூடாது, எழுதத்தான் வேண்டும் என்று தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவிலிருந்து பொன்னையாவைக் கூட்டி வந்தது, அந்த மனிதர் காவியைக் குழைத்து இவர் இடுப்பில் ஒரு சிங்கம் வரைந்தார், பூனை மாதிரி இருந்தது, சாரத்தை எவ்வளவு இறக்கலாம் என்று தாயும் மகனும் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே, நோவு ஓரிடத்தில், சிங்கம் ஓரிடத்தில். மூன்று நாள் குளிக்கவில்லை, நான் சமையலறையில் சிரித்தேன், அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது இது கொழும்பில் பிடித்த அசிங்கம் என்று. ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் வைத்திருப்பதில் ஒரு சுகம், சோறு போடும்போது, துணி துவைக்கும்போது, இவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் மனதுக்குள், போ, உன் யோக்கியதை எனக்குத் தெரியாதா... மூன்று வருஷம் இதை வைத்துத்தான் ஓட்டினேன். முந்தாநாள் நான் நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு மாமியார் சொல்கிறது, "பொன்னையாவ வரச் சொல்லவா ஆயி, அக்கியா இருந்தா எழுதிருவாரு" என்று. எங்கே எழுதுவாராம்? புத்தி கெட்ட ஜென்மங்கள்.

நோர்வூட் வந்துவிட்டது, ஏறுகிறார்கள், இடிக்கிறார்கள்... ஆனால் கல்யாணத்தின்போது இவர் கொழும்பில் எங்கே இருந்தார்? நாட்டு நெருக்கடியில் கடையைச் சாத்தி அனுப்பிவிட்டார்களே, கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் தோட்டத்தில்தானே தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார், தாயார் பக்கத்திலேயே. அதற்கு முன்னால் பிடித்திருக்கலாம், சும்மா கிடந்திருக்கலாம், டொக்டரே சொன்னாளே. சரி, சும்மா கிடக்கும் என்றால் எல்லோருக்கும்தானே கிடக்கும்? கட்டுநாயக்கா போர்டிங் அறை, லோஜன், கட்டிக்கொள்கிறேன் கட்டிக்கொள்கிறேன் என்று ஒரு வருஷம் வந்து போன நல்லதண்ணி ஊர்க்காரன், இப்போது எந்த நாட்டில் எவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறானோ... அந்த வருஷம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நான்கு கொப்புளம், எரிச்சல். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்தால் சூடு பிடிக்கத்தான் செய்யும் என்று அறையில் இருந்த சுதர்ஷினி இளநீர் வாங்கித் தந்தாள், எண்ணெய் தடவினேன், ஏழே நாள், ஒரு கிழமையில் போய்விட்டது. அடுத்த வருஷமும் ஒரு தடவை வந்தது. சூடு. மாமியாருக்கு அக்கி என்றால் எனக்குச் சூடு, நான் மட்டும் என்ன பெரிய படிப்பாளி? இது எனக்கு மறந்தே போயிற்றா? மறந்திருந்தால் அந்த 'இல்லை' ஏன் அவ்வளவு அவசரமாக வந்தது?

பழசா இருந்தா பயம் கம்மி. அப்படியென்றால் இரண்டு கிழமையில் மறுபடி போய், முன்பு வந்திருக்கிறது, கல்யாணத்துக்கு முந்தி, இரண்டு தடவை என்று சொல்ல வேண்டும், அந்த நர்ஸ் முன்னால், கதவு திறந்திருக்க. அப்ப சரி என்பாளா? வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த இவரையும் ஒரு நாள் உள்ளே கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள், எழுதியதை இவர் முன்னால் வாசிப்பார்கள். சொல்லாவிட்டால் டொக்டர் புதுசு என்றே நினைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பாள், என் பிள்ளைக்கு எதைச் செய்ய வேண்டும், எதை வேண்டாம் என்று ஒரு பொய்யை வைத்துத் தீர்மானிப்பாள். பிள்ளைக்காக ஒரு தாய் வேண்டிக்கொள்வதென்றால், சாமி, இது என்னுடையதாகவே இருக்கட்டும், நான்தான் இவருக்குக் கொடுத்ததாக இருக்கட்டும் என்றல்லவா வேண்ட வேண்டும்? வேண்டிப் பார்க்கிறேன், பாதியில் நின்றுவிடுகிறது, நாக்கு திரும்பத் திரும்பக் கொழும்பு, கொழும்பு என்கிறது...

இவர் ஏதோ சொல்கிறார். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காதபடி, என் காதுக்குக் குனிந்து.

"என்னாலயா நிலக்ஷி? எனக்கு இருந்தது ஒனக்கும் வந்துருச்சா? சத்தியமா நான் எவகிட்டயும் போனதில்ல. ஆனா என்னாலதான்னா சொல்லிரு."

கண் கலங்கியிருக்கிறது, ஆண்பிள்ளை, பஸ்ஸில். ஆமாம் என்றால் இந்த மனிதர் நம்பிவிடுவார். காலம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார், நான் பழையபடி இருக்கலாம். இல்லை என்றால்... எது பிள்ளைக்கு நல்லதோ அதுதான் எனக்கு வாயில் வர மாட்டேன் என்கிறது. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், இந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.