பச்சைக் கல்லின் நீலம்

ஒருவேளை அபிலாஷையும் யாரோ ஏமாற்றியிருக்கலாம். மஸ்கட் கடைக்காரன் மரகதம் என்று சொல்லியிருப்பான், இவனும் நம்பி வாங்கியிருப்பான். அப்படித்தான் இருக்கவேண்டும்.

சபிதா ரஷ்மியின் நகங்களில் ஜெல் பூசி, கையை உலர்த்தும் விளக்குக்குள் வைத்தாள். அடுத்த வாரம் ரஷ்மிக்குக் கல்யாணம். அவள் அம்மா அழகியநாயகி, தக்கலையில் சபிதா பார்லர் திறந்த நாளிலிருந்து வருகிறவள்.

போன மாதம் இந்தப் புற ஊதா விளக்கைச் சரிபார்க்கச் சபிதா தன் கையை நீட்டியபோது, நிச்சயதார்த்தத்தன்று கணவன் அபிலாஷ் போட்டுவிட்ட மோதிரத்தின் பச்சைக் கல் நீலமாக ஒளிர்ந்தது. அவ்வளவு அழகான நீலத்தை அவள் பார்த்ததில்லை. பிறகுதான் பயம் வந்தது. நாகர்கோவிலில் கல் பதிக்கும் சத்தியநேசன் எஃகு ஊசியால் ஓரத்தில் கீறினார். கோடு விழுந்தது.

"இது ஃப்ளூரைட்டாக்கும் மக்கா. ஊதா, மஞ்சள், பச்சை, எல்லா நெறத்திலயும் கெடைக்கும். இரும்பு உருக்குத எடத்தில போடுவாவ, லென்சுக்கும் எடுப்பாவ. நல்ல கல்லுதான். மரகதம் இல்ல, அவ்வளவுதான். தட்டுனா பொளந்துரும், வெயில்ல வெளுத்துரும்."

அபிலாஷிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

திரைக்குப் பின்னாலிருந்து இப்போது அவன்தான் கூப்பிட்டான். மஸ்கட்டை விட்டு ஊரோடு வந்துவிட்ட பிறகு கல் வியாபாரம் செய்கிறான். சபிதா உள்ளே போனாள். அவன் கையில் ஒரு பெட்டி. உள்ளே பச்சைக் கல் மோதிரங்கள்.

"ஏட்டி, கல்யாணப் பெண்ணுக்கு மோதிரம் பாக்காவளாம். உனக்க கையக் காட்டி, நானும் இந்த மரகதம்தான் போட்டிருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா நம்புவாவ."

"எனக்க கல்லும் இதும் ஒண்ணா?"

"ஒரே கடையில எடுத்ததாக்கும். பொறவு, பாத்திரம் கழுவும்போ கழட்டி வைக்கணும்னு சொல்லிரு. வெயில்ல போடப்படாது, நெறம் வெளுத்துரும். எங்கயும் தட்டவும் படாது."

கல்யாணமான புதிதில் அவள் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கி அவனே கழுவியிருக்கிறான். மோதிரத்தோட வெயில்ல போகாதட்டி என்று வாசல்வரை வந்து சொல்லியிருக்கிறான். அதையெல்லாம் இந்தக் கடையில் எத்தனை பெண்களிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாள். அவன் பொத்திப் பாதுகாத்தது அவள் கையை அல்ல. அது மரகதம் இல்லை என்று அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

கல்லின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அதன் சொந்தப் பேரைச் சொல்லிக் கொடுத்திருந்தால், அந்த நீலத்துக்காகவே ஆயுசுக்கும் போட்டிருப்பாள்.

"சபிதா, வெளக்கு அணைஞ்சு போச்சு மக்கா! இனி மத்த கைய வைக்கட்டா?" அழகியநாயகியின் குரல்.

"போ, சொல்லுட்டி," என்று அவன் கிசுகிசுத்தான்.

அவள் மோதிரத்தைக் கழற்றி மற்ற மோதிரங்களோடு வைத்துப் பெட்டியை மூடினாள்.

"மரகதம்னு நான் சொல்லமாட்டேன்," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு திரையை விலக்கிக்கொண்டு ரஷ்மியின் மற்றக் கையைப் பிடிக்கப் போனாள்.