கலந்த பிறகு

ஃபைபர் அச்சில் முதல் பூச்சாகப் போடும் ஜெல்கோட்டில், அதை இறுகவைக்கும் ஹார்டனரை ஊற்றிக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"பாப்பா, அப்பா உன்னைக் கேக்குறாரு. கொஞ்சம் வந்துட்டுப் போ."

"கலந்துட்டேம்மா. பத்து நிமிஷத்துல கட்டியாயிடும். பூசிட்டு வந்துடறேன்."

அம்மா திரும்பிப் போனாள்.

முப்பது வருடம் இதே நெடியில் நின்ற நுரையீரல் அப்பாவுக்கு. படுக்கையில் விழுந்ததிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிடுவார். தலையணையைத் தூக்கு, ஃபேனைக் குறை, இன்றைக்கு என்ன கிழமை. முப்பத்தாறு வயதுப் பாப்பா ஓடிக்கொண்டேதான் இருந்தாள். இந்த ஒரு தடவை ஓடவில்லை.

பேட்டரிப் பெட்டி மூடிக்கான அச்சு மெழுகு தேய்த்ததில் பளபளத்தது. பிரஷ்ஷால் முதலில் மூலைகளில் குத்திக் குத்தி ஒற்றினாள். அங்கேதான் காற்றுக் குமிழ் ஒளிந்துகொள்ளும். பிறகு ஒரே திசையில், அழுத்தித் தேய்க்காமல், கனமாக இழுத்தாள். வெள்ளை சமமாகப் படிந்தது. திட்டு இல்லை, கோடு இல்லை. ஓரடி தள்ளி நின்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனபோது, அம்மா அப்பாவின் தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பம்மா?"

"இப்பத்தான்."

"என்ன கேட்டாரு?"

"வந்துட்டாளான்னு. ரெண்டு தடவை."

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அப்பாவின் அக்கா, அழுது ஓய்ந்ததும் கேட்டாள்.

"கடைசி நேரத்துல யாரு பக்கத்துல இருந்தா?"

பாப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"இவதான். இவ மடியிலதான் தலை இருந்துச்சு."

குரல் பிசிறவில்லை. அம்மா அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

அத்தை அவள் கன்னத்தை வருடினாள். "குடுத்து வச்சவடி நீ. எனக்குத்தான் அது வாய்க்கல."

அதன்பின் வந்தவர்களிடமெல்லாம் அத்தையே அதைச் சொன்னாள். சாயங்காலத்துக்குள், மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார் என்பதுவரை பேச்சு வளர்ந்திருந்தது.

சமையலறையில் அம்மா தனியாகக் கிடைத்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்லச் சொல்றே?"

அம்மா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

கூடத்தில் அத்தை நகர்ந்து உட்கார்ந்து, அப்பாவின் தலைமாட்டில் அவளுக்கென்று இடம் விட்டிருந்தாள். "இங்க வாடி" என்று தரையைத் தட்டிக் காட்டினாள். அவள் ஆட்களைச் சுற்றிக்கொண்டு போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.