நாவலோடையில் பின்னம் நடத்தாத வருஷம்

1988-ஆம் வருஷம் தை மாதக் கடைசியில் நாவலோடையில் பாதி என்பது நின்றுபோனது. முதலில் தெரியவந்தது தேங்காயில். மாரியம்மன் கோயில் கல்லில் அடித்த தேங்காய் ஒன்று முழுசாகக் கைக்குத் திரும்பி வந்தது, இல்லாவிட்டால் பொடிப்பொடியாகச் சிதறியது. இரண்டு மூடியாக மட்டும் விழவில்லை. காய் சொத்தை என்று பூசாரி மளிகைக்கடைக்குச் சண்டைக்குப் போனார். அங்கே அரைக் கிலோ வெல்லம் கேட்டு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தராசு முள் ஒரு கிலோவில் நின்றது, அல்லது வெறும் தட்டில் நின்றது, நடுவில் நிற்க மாட்டேன் என்றது. கடைக்காரருக்கு இன்னொரு சண்டைக்கு நேரமில்லை.

நாவலோடை, கச்சிராயபாளையத்திலிருந்து மலையைப் பார்த்துப் போனால் கோமுகி வாய்க்காலை ஒட்டி இருக்கிற கரும்பு ஊர். நாலைந்து பேருக்கு நிலம். மற்றவர்களுக்கு அந்த நாலைந்து பேரின் கரும்பை வெட்டுகிற கத்தி. முந்தின புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் சாலை மறியல் நடந்தபோது, கரும்பு வெட்டுகிற கத்தியோடு கோடாலியும் சேர்ந்துகொள்ள, ரோட்டோரப் புளியமரங்கள் குறுக்கே விழுந்தன. முதல் மரத்தை வெட்டியவன் சின்னராசு. கடலூர் ஜெயிலில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் தோளில் மறியல் நடத்திய சங்கத்தின் துண்டோடு, உடம்பில் ஒரு சுற்றுச் சதையோடு வந்து இறங்கினான். அவன் மனைவி ஜெயசுதா கரும்புச் சோகை உரித்துக் கீறிய கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள். "உள்ள இன்னா விருந்தா போட்டாங்க? சொல்லியிருந்தா நானும் ஒரு மரம் வெட்டியிருப்பேனே" என்றாள்.

பொங்கல் லீவு முடிந்தது. அவர்களுடைய மகள் நர்மதா ஐந்தாம் வகுப்பு. கணக்குப் புத்தகத்தில் முழுப்பரீட்சைக்கு உரிய கடைசிப் பாடங்கள் பின்னமும் சதவீதமும். நடத்தி முடித்தால் கோடை விடுமுறை, நடத்தாவிட்டாலும் கோடை விடுமுறை. நர்மதா வாசலில் உட்கார்ந்து 'முழுவதில் ஒரு பங்கு' என்று சத்தமாகப் படித்ததைச் சின்னராசு கேட்டான். கேட்டதும் அவனுக்குப் பொங்கிவிட்டது. "நமக்கு வர வேண்டிய பங்கே வரல. வராத பங்குக்கு இன்னாத்துக்குடி கணக்கு?" என்றான். சுவரொட்டி ஒட்டியது போக மிச்சமிருந்த மைதாப் பசை வாளியில் இருந்தது, ஆடு மேயாமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய கெட்டிப் பசை. அதைத் தூக்கிக்கொண்டு நாலு ஆட்களோடு பள்ளிக்கூடம் போய், அத்தனை பிள்ளைகளின் புத்தகத்திலும் பின்னமும் சதவீதமும் இருந்த பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டிவிட்டான். பங்கு கிடைக்கிற வரைக்கும் பங்குப் பாடம் கிடையாது என்பது தீர்மானம். தியாகதுருகத்திலிருந்து சைக்கிளில் வருகிற வாத்தியார் தீனதயாளன் மறுத்துப் பேசவில்லை. நாலு பேர் வந்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். பின்னம் அவருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது என்பது இன்னொன்று.

அதற்கு மறுநாள்தான் தேங்காய். அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நிலா ஒன்று முழுசாக இருந்தது, இல்லாவிட்டால் இல்லவே இல்லை. மலைக்கு மேலே இருப்பவர்களுக்கு அது வழக்கம்போலத் தேய்ந்து வளர்ந்தது. சாராயம் குடித்தவர்கள் கால் போதையில் பாடுவது, அரை போதையில் மாமனாரைத் திட்டுவது என்கிற படிகள் இல்லாமல் நேராக விழுந்தார்கள். பாகப்பிரிவினைக்கு வழக்குப் போட்டிருந்த அண்ணன் தம்பி இருவர் போட்ட வரப்பு விடிந்தால் காணாமல் போனது; ஆகவே ஒருவரை ஒருவர் வைதுகொண்டே ஒரே சட்டியில் தின்றார்கள். பாதி வழி என்று ஒன்று இல்லாததால், டவுன் பஸ்ஸில் ஏறியவர்கள் ஏறிய காலோடு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். கண்டக்டர் இரண்டு நாள் ஏமாந்தார், மூன்றாம் நாளிலிருந்து படியில் நின்று முன்கூட்டியே டிக்கெட் கிழித்தார். அரை டிக்கெட் இல்லை. பிள்ளைகள் முழு ஆள், அல்லது மூட்டை. பஸ்ஸில் தூங்குகிற சுகம் போயிற்றே என்று கிழவர்கள் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

மாசியில் உளுந்தூர்பேட்டையில் சங்கக் கூட்டம். மைக்கில் இருபது சதவீதம் என்று முழங்கியபோது நாவலோடைக்காரர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். அப்படியென்றால் என்னவென்று, அதற்காக ஜெயிலுக்குப் போன சின்னராசுவுக்கே விளங்கவில்லை. ஆனாலும் வந்தது வந்துவிட்டோம் என்று, "எல்லாத்தையும் குடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், "இவனுங்கள முன்னாடி வுடாதீங்கடா, வர்றதையும் கெடுத்துடுவானுங்க" என்று சொல்லிப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டான்.

ஊர் இதையெல்லாம் சகித்துக்கொண்டது. ஜெயசுதாவின் வயிறுதான் சகிக்கவில்லை. தையில் அவளுக்கு ஒன்பது மாதம். மாசி போயிற்று, பங்குனி போயிற்று, பிள்ளை வரவில்லை. உள்ளே நன்றாகத்தான் இருந்தது. உதைத்தால் மடியில் வைத்த சொம்பு உருண்டு வாசலுக்குப் போனது. ஒன்று இரண்டாக வேண்டிய காரியம், அந்த ஊரில் எது இரண்டாயிற்று? கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறி, உடனே இறங்கி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் கத்தியும் வைத்துப் பார்த்தார்கள். தண்ணீரில் கீறினதுபோல, கத்தி போன இடம் பின்னாலேயே மூடிக்கொண்டது. தேதியைத் தப்பாகச் சொல்லியிருப்பீர்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். சித்திரை பிறந்தபோது கால் வீங்கி, உட்கார்ந்தால் மூச்சு வாங்கி, படுத்தால் அதுவும் வாங்காமல் கிடந்தாள். வந்து பார்த்த நர்சம்மா சின்னராசுவைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தச் சுமையை அவள் உடம்பு இன்னும் ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஜெயசுதாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"யோவ், நீ மரத்த வெட்டுன, ரோடு நின்னுச்சு. சரி. கணக்க ஒட்டுன, எம்புள்ள நின்னுபோச்சு. போயி பிரிச்சு வுடு."

"சங்கத்துல ஒரு வார்த்த கேக்கணும்டி."

"சங்கமா பெத்துக்கப் போவுது?"

அவன் பதில் சொல்கிற வரைக்கும் ஜெயசுதா காத்திருக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து, ஐந்தாம் வகுப்பு வரிசையில் மகள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். பாடம் நடத்தாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். முழுப்பரீட்சைக்கு இரண்டே நாள் இருந்தது. வெளியே போ என்று சொல்ல வாத்தியாருக்குத் தைரியமில்லை. பின்னாலேயே ஓடிவந்த சின்னராசுவுக்கும் இல்லை.

சத்துணவுக்குச் சமைக்கிற பாப்பாத்தி பெரிய குண்டானில் வெந்நீர் காய்ச்சினாள். புத்தகங்களை ஆவியில் காட்டிப் பக்கம் பக்கமாகச் சின்னராசுவே பிரித்தான். பக்கம் பிரிந்தது, எழுத்து பசையோடு வந்துவிட்டது. கோட்டுக்கு மேலே இருக்க வேண்டிய எண்ணும் கீழே இருக்க வேண்டிய எண்ணும் நீலக் கூழாக அவன் விரலில் ஒட்டியிருந்தன. தீனதயாளன் பலகையில் ஒரு வட்டம் போட்டு நடுவில் கோடு இழுத்தார். கோடு நிற்கவில்லை. மறுபடி இழுத்தார், மறுபடி அழிந்தது. ஜெயசுதா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், நீங்க தியாகதுருகத்துல இருக்கற ஆளு. உங்களுக்குமா மறந்துபோச்சு?" என்றான் சின்னராசு.

"குடியிருக்கறது அங்கங்க. கணக்கு இங்கதான வெச்சிருந்தேன்" என்றார் வாத்தியார்.

அப்போது வாசலில் பழனியம்மாள் கூடையை இறக்கினாள். கல்வராயன் மலையிலிருந்து வருஷாவருஷம் முதல் மாங்காயைக் கொண்டுவருகிறவள் அவள்தான். நர்மதா ஒரு காயை எடுத்து வந்தாள். பிள்ளைகளுக்குப் பங்கு போட ஒரே முறைதான் தெரியும், காக்காக்கடி. காயைத் துணியில் சுற்றி, எச்சில் படாமல் துணிக்கு மேலேயே கடித்து உடைப்பது. தையிலிருந்து அதுவும் பலிக்கவில்லை. வலுத்தவன் முழுசாகத் தின்றான், மற்றவர்கள் அவன் வாயைப் பார்த்தார்கள். இருந்தாலும் நர்மதா பாவாடை நுனியில் காயைச் சுற்றிச் சித்தப்பா மகனிடம் நீட்டினாள். அவன் கடித்தான், பல் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கடித்தாள், எதிர்வீட்டுக்காரன் கடித்தான். எல்லாம் ஒரே தெருப் பல், ஒன்றும் இறங்கவில்லை. மிச்சம் இருந்தது சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்த அமிர்தம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியிலிருந்து வருகிறவள். மறியல் நடந்த வாரத்தில் காலனி வைக்கோல்போர் எரிந்தது. யார் கொளுத்தியது என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

நர்மதா அமிர்தத்தைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், அதுகூடயா?" என்றான் சின்னராசு.

"ஏன், அது வாயில இன்னா நெருப்பா இருக்குது?" என்றாள் ஜெயசுதா மூச்சு வாங்கிக்கொண்டு. "நெருப்பு யாரு கையில இருந்துச்சின்னு வாயத் தொறக்கட்டுமா?"

சின்னராசு குனிந்து தன் நீல விரல்களைப் பார்த்தான். பாவாடை நுனி ஏற்கெனவே மூன்று பேர் கடித்துக் கந்தலாகியிருந்ததால், நர்மதா அப்பன் தோளிலிருந்த சங்கத் துண்டை உருவினாள். காயைச் சுற்றினாள். துண்டைப் பிடுங்கிக்கொள்ள அவன் கை எழுந்தது, ஜெயசுதாவின் வயிற்றைப் பார்த்தது, இறங்கிவிட்டது. அமிர்தம் அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கடைவாயில் வைத்துக் கடித்தாள்.

மளுக்கென்றது. துண்டைப் பிரித்தால் உள்ளே இரண்டு இருந்தன. தை மாதத்துக்குப் பிறகு நாவலோடையில் இரண்டான முதல் பொருள் அது. ஒன்று பெரியது, கொட்டையோடு, மற்றது சிறியது. நர்மதா சட்டென்று பெரியதை எடுத்தாள்.

"பெருச எடுத்துக்கினியே, பாத்தேன்டி" என்றாள் அமிர்தம்.

"நீதான கடிச்ச? ஒயுங்கா கடிச்சிருக்கணும்."

"காயும் பெருசு, கொட்டையும் உனுக்கா? கொட்டைய இப்படிக் குடு."

"தர மாட்டேன், போடி."

அப்படி ஒரு சண்டையை ஊர் கேட்டு மூன்று மாதமாகியிருந்தது. எதுவும் பிரியாத ஊரில் சண்டை பிடிக்க மிச்சப் பங்கு ஏது? அமிர்தம் கொட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய அதே நேரத்தில் ஜெயசுதாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. பாப்பாத்தி பிள்ளைகளை வெளியே விரட்டிக் கதவைச் சாத்தினாள். பலகையில் வாத்தியார் போட்ட வட்டத்தின் நடுவில், அழிந்துபோயிருந்த கோடு தானாக வந்து நின்றது. கொஞ்சம் கோணலாக. தொப்புள்கொடி ஒரே வெட்டில் இரண்டானது. பெண் பிள்ளை, பன்னிரண்டு மாதம் இருந்ததற்கு அடையாளமாக இரண்டு முன்பல்லோடு வந்தது. ஜெயசுதா உயிரோடு இருந்தாள். கண்ணைத் திறந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டாள், அரைச் சொம்பு போதும் என்றாள், அரைச் சொம்பு கிடைத்தது.

அந்நேரம் டவுன் பஸ்ஸில் ஏறியவர்கள் பாதி வழியில் கரும்புக் காட்டுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்து, பிறகு தூங்கினார்கள். அண்ணனும் தம்பியும் அன்று சாயங்காலமே வரப்புப் போட்டு, மண்டையை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், வழி நெடுக வலித்தது. முழுப்பரீட்சையில் பின்னத்தைப் படம் வரைந்து விளக்கு என்ற கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரு துண்டும் மாங்காயும் வரைந்து பாஸானார்கள், வரையாதவர்களும் பாஸானார்கள். பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு நர்மதாவும் அமிர்தமும் ஒரே பஸ்ஸில் போனார்கள், கொட்டைச் சண்டை அங்கேயும் தொடர்ந்தது. சின்னராசு துண்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டான். பல் தடம் போகவில்லை. கேட்டவர்களிடம் போலீஸ் தடியடி என்றான்.

மறுவருஷம் அரசாங்கம் இருபது சதவீதத்தைக் கொடுத்தது. நூற்றுச் சொச்சம் சாதிகளை ஒரே துண்டில் சுற்றிக் கொடுத்தது. ரேடியோவில் அதைக் கேட்ட ஊர் விசில் அடித்தது. சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்ட சின்னராசு, "கொட்டப் பக்கம் யாருக்குன்னு சொன்னானா?" என்று மட்டும் கேட்டான்.

பாடப் புத்தகம் அதன் பிறகு எத்தனையோ முறை மாறிவிட்டது. நாவலோடைப் பள்ளியில் பின்னம் இப்போதும் மலை மாங்காய் இறங்குகிற கடைசி வாரங்களில்தான் நடக்கிறது, அதற்கென்று ஒரு துண்டு பீரோவில் இருக்கிறது. தேங்காய் இரண்டாக உடைகிறது. இரண்டு மூடியின் ஓரத்திலும் பல் தடம் தெரியும். அரை நிலாவும் அப்படித்தான், ஓரத்தில் கடித்த மாதிரி இருக்கும். மலையில் பார்த்தால் வழுவழு என்றுதான் இருக்கிறது, உங்கள் ஊரில் மட்டும் ஏன் இப்படி என்று பழனியம்மாள் ஒவ்வொரு சித்திரையிலும் கேட்கிறாள். நாவலோடைக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மீதிப் பாதி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் விசாரித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள்.