காலஞ்சென்ற பன்றி

எங்கள் ஊரில் சபையில் எழுந்து பேச சேஃபோ மாமாவை விட்டால் ஆள் கிடையாது. எங்கள் குடும்பத்துக்காகப் பேசும் தலைவர் அவர். சமோவாவில் விருந்தாளியிடம் பேசத் தனிச் சொற்களே உண்டு. அவர் உண்பது, உறங்குவது எல்லாவற்றுக்கும் உயர்ந்த பெயர் வைத்திருக்கிறோம். சாதாரணச் சொல்லைச் சொன்னால் அவமானம்.

அந்தப் பழக்கத்தில்தான் மாமா ஆங்கில அகராதியையும் புரட்டியிருந்தார். அவர் மகனுக்குப் பெண் கொடுக்க நியூசிலாந்திலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா கிளெனிஸுக்கு நாளை வரவேற்புரை. நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துபவள். உரையைத் திருத்தித் தர நான்தான் மாட்டிக்கொண்டேன்.

"புராதனத் தாயாரே! காலஞ்சென்ற பன்றியைத் தங்கள் மாண்புமிகு வயிற்றுக்குச் சமர்ப்பிக்கிறோம்!" என்று ஆங்கிலத்தில் முழங்கினார்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணானது.

"மாமா, காலஞ்சென்றன்னு மனுஷங்களத்தான் சொல்லுவாங்க. பன்னியை இல்ல. புராதனம்னா கட்டடத்துக்குப் பொருந்தும், சம்பந்தியம்மாவுக்குப் பொருந்துமா?"

"பின்ன செத்த பன்னின்னா சொல்லச் சொல்ற?"

"பன்னியே வேணாம். 'வாங்க, சாப்பிடுங்க.' அவ்வளவுதான்."

"அடிப் போடி! எங்க வீட்டு நாயைக்கூட நான் அப்படித்தான் கூப்பிடுறேன். பொண்ணைப் பெத்தவங்க கடல் தாண்டி வந்திருக்காங்க. அவங்களுக்கும் அதே வார்த்தையா?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாளை மதிக்காமல் விட்டுவிடுவோமோ என்று மாமா நிஜமாகவே பயந்திருந்தார்.

"அவங்க மொழியில மரியாதைக்குன்னு தனி வார்த்தை கிடையாது மாமா."

"அப்ப மரியாதையை எங்கதான் வைக்கிறாங்க?"



மறுநாள் விருந்துக் கூடாரத்தில் மாமா தலைவருக்குரிய கோலை ஊன்றி, சமோவா மொழியில் வெளுத்து வாங்கினார். கிளெனிஸ் ஒன்றும் புரியாமல் நெளிந்துகொண்டிருந்தார். அடுத்து ஆங்கிலம். மாமா வாயைத் திறந்தார், மூடினார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

ஊரே மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். மாமா கோலைக் கீழே போட்டுவிட்டு, பன்றியின் முதுகுக் கறியைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பரிமாறுவதெல்லாம் தலைவர் பட்டம் இல்லாத இளைஞர்களின் வேலை. தலைவர் ஒருவர் தட்டு ஏந்தி நாங்கள் பார்த்ததே இல்லை. கிளெனிஸின் முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"வாங்க, சாப்பிடுங்க" என்றார்.

கிளெனிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பாடா, காலையிலேர்ந்து செம பசி!" என்று வாங்கிக்கொண்டார். கூடாரமே வெடித்துச் சிரித்தது. மாமா எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாள் இரண்டாம் முறை கறி கேட்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.