அம்மாவின் கையில் அடுத்த மாதம்

கெல்சியை நான் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வான்கூவரில் ஒரே அறையில் உட்கார்ந்து நாலு வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி இதுதான்: மனிதர்கள் காலத்தை எந்தத் திசையில் வைத்துப் பேசுகிறார்கள்? ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு வரப்போவது முன்னால், போனது முதுகுக்குப் பின்னால். எங்கள் சீன மொழியில் மேலும் கீழும்கூட உண்டு. போன மாதம் மேலே, அடுத்த மாதம் கீழே. பேசும்போது கையும் அப்படியே ஏறி இறங்கும். அவள் ஆங்கிலக்காரர்களைப் படம் பிடித்தாள், நான் சீனர்களை. கையைத்தான் கவனிக்கிறோம் என்று முதலில் சொல்லமாட்டோம். சொன்னால் கை மரக்கட்டையாகிவிடும். பேசி முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்குவோம்.

கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் அம்மாவை உட்கார வைத்தேன். ஏதாவது பேசும்மா என்றேன். அம்மாவோ அப்பாவின் கடைசி நாட்களைப் பேசிவிட்டாள்.

"மெங்லான், இதை யாருக்கும் காட்டிடாதடி."

"சத்தியமா காட்டமாட்டேன்மா."

மனசு தாங்காமல், படங்களெல்லாம் இருக்கும் எங்கள் பொதுக் கணினியில் போட்டு கெல்சியிடம் காட்டினேன். அவளுக்குச் சீனம் தெரியாது. நான்தான் வரிவரியாக மொழிபெயர்த்துச் சொல்லி அழுதேன். கூடவே அவளும் அழுதாள். "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும், அழிச்சுடறேன்" என்றாள். நடிப்பு, அத்தனையும் நடிப்பு!

சனிக்கிழமை காலை பல்கலைக்கழக அரங்கில் கெல்சி எங்கள் ஆராய்ச்சியை வாசித்தாள். மகளின் பெயர் திரையில் வருவதைப் பார்க்க அம்மா ரிச்மண்டிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். சீனாவில் செங்டூவிலிருந்து வந்து அம்மாவோடு தங்கியிருந்த அத்தையும் கூட வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை.

"நம்ம பொண்ணு பேரு எப்ப வரும்?" என்று அத்தை என்னைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

பெயர் வரவில்லை. அம்மாவின் கைகள் வந்தன. டிவியில் திருடனுக்கு மறைப்பதுபோல் அம்மாவின் முகத்தை கெல்சி மறைத்திருந்தாள். குரல் மட்டும் அப்படியே கேட்டது.

"போன மாசம்கூட நல்லாத்தான் நடந்துட்டிருந்தார்." கை நெற்றிவரை ஏறியது. "இந்த மாசம் டாக்டர், பத்து நாள் தாங்கினா அதிகம்னுட்டார். அவர்கிட்ட அதை நான் சொல்லல. அடுத்த மாசம் வீட்டுக்குப் போயிடலாம்னேன்." கை மெல்ல மடிக்கு இறங்கியது. "எல்லார்கிட்டயும் நல்லாயிடுவார்னுதான் சொன்னேன்."

"பாருங்க, எவ்வளவு அழகா இறங்குது!" என்றாள் கெல்சி. கூட்டம் கைதட்டியது.

இடைவேளையில் அவளை மறித்துப் பிடித்தேன்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"மத்தவங்க யாருக்கும் இப்படிக் கை அசையல மெங்லான். முகத்தைத்தான் மறைச்சேனே? யாருக்குத் தெரியப்போகுது?"

"மூணாவது வரிசையில எங்கம்மா உட்கார்ந்திருக்காங்கடி, பாவி!"

"ஐயோ, அவங்க வருவாங்கன்னு நீ சொல்லவே இல்லையே" என்றாள். தப்பு என்மேல்தான் என்பதுபோல!

நான் திரும்பி வந்தபோது இருவரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அப்ப நான் போன் பண்ணிக் கேட்டேன், உடனே கிளம்பி வரட்டுமான்னு. அவசரமில்ல, அடுத்த மாசம் வான்னீங்க."

அம்மா தன் கைகளை மடியில் பொத்திக்கொண்டாள்.

"அண்ணன் முகத்தைக்கூட நான் பார்க்கல அண்ணி."

அத்தை பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அம்மா கூப்பிடவில்லை. அவள் போவதையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சத்தியம் பண்ணினியேடி."

கெல்சியைத் திட்ட வாய்நிறைய வசவு வைத்திருந்தேன். ஆனால் அவளுக்கு அதைக் காட்டியது நான்தான்.